மலை ஏறிய ஜீப்பை விற்கும்போது

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரம் ஒன்றுமில்லை. மலைப்பாதையில் பல வருடம் உழைத்த ஜீப்பை விற்பதும் ஊருக்குள் ஓடிய காரை விற்பதும் ஒன்றல்ல. காருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை என்று கேட்டுவிட்டால் பாதிப் பேச்சு முடிந்துவிடும். ஜீப்பில் இத்தனைக்கும் பதில் கிடைத்த பிறகும் வாங்குபவருக்கு அந்த வண்டியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. அது எங்கே ஓடியது, என்ன சுமந்தது, எந்த ஓடையில் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியது, முன் ஆக்ஸிலை எப்போது பிரித்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வண்டியோடு அந்த விவரத்தையும் கொடுத்து, ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் பெயரையும் மாற்றிவிட்டால்தான் வண்டியை விற்றதாக அர்த்தம். இந்த இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலோர் அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள்.

போடி, கம்பம் பக்கத்துக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறும் ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். எம்.எம். 540, கமாண்டர், மேஜர் என்று மஹிந்திராவின் பழைய வண்டிகள் இன்னமும் அங்கே வேலை செய்கின்றன. போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளாவது தார்ச்சாலையில் இருக்கின்றன. தோட்டத்துப் பக்கம் திரும்பியதும் உருளைக் கல்லும் சேறும்தான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்பில் போனவர்களுக்குத் தெரியும்: தூரம் சொற்பம், ஆனால் முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

அதனால் மீட்டரை மட்டும் வைத்து ஜீப்பை எடை போட முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். தோட்டப் பாதையில் சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் எஞ்சின் 4,000 மணி நேரம் சுற்றியிருக்கும். நெடுஞ்சாலையில் மணிக்கு 50 வீதம் 1,20,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு 2,400 மணி நேரம்தான். மீட்டரில் பாதியே காட்டும் வண்டிதான் அதிகம் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் பிளேட், ஸ்பிரிங் பட்டை, புஷ், ஸ்டியரிங் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். "கம்மி கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்று மட்டும் சொல்லி நிறுத்துவது பொய்யாகாது. ஆனாலும் உண்மையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். தோட்ட வேலைக்கு ஓடியது என்றால் அதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பழைய மஹிந்திரா தாருக்குக் கம்பெனி கொடுத்த டயர் 235/70 ஆர் 16. அதன் உயரம் சுமார் 735 மில்லிமீட்டர். ஆஃப்ரோடு ஆசையில் பலர் 31 அங்குல டயருக்கு மாறிவிடுகிறார்கள். அது 787 மில்லிமீட்டர். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். மீட்டரோ பழைய சுற்றுக் கணக்கிலேயே எண்ணிக்கொண்டிருக்கும். உண்மையில் 100 கிலோமீட்டர் போனால் அது 93 என்றுதான் காட்டும். சில வருடம் அப்படி ஓட்டியிருந்தால் வித்தியாசம் ஆயிரக்கணக்கில் போய்விடும். வாங்குபவர் இதையெல்லாம் கேட்கமாட்டார், நீங்களாகத்தான் சொல்ல வேண்டும். நடுவில் மீட்டர் கேபிள் அறுந்து சில மாதம் ஓடாமல் கிடந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பழைய தார் என்று நான் சொல்வது 2010-இல் வந்த முதல் தலைமுறையை, குறிப்பாக 2,498 சிசி சி.ஆர்.டி.இ. டீசல் எஞ்சின் வண்டியை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததோடு அந்த மாடல் நின்றுபோனது. அதே வருடம் அக்டோபர் 2 அன்று புதிய தார் சந்தைக்கு வந்தது. இன்று கைமாறும் பழைய வண்டிகளில் அந்த முதல் தலைமுறைத் தாரும் நிறைய இருக்கிறது. அதன் முதல் வருடங்களில் பதிவான வண்டிகள் 15 வருடத்தைத் தொடும் நேரம் இது. எனவே விலை பேசுமுன் ஆர்.சி.யில் பதிவு எதுவரை செல்லும் என்பதைப் பாருங்கள். தனியார் வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம். அதன் பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். காருக்கும் ஜீப்புக்கும் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025-இல் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. பதிவு முடிய இன்னும் சில மாதம்தான் இருக்கிறது என்றால் நீங்களே புதுப்பித்துவிட்டு விற்பது நல்லது. எஃப்.சி.யில் தேறுமா தேறாதா என்ற பயத்தை வாங்குபவர் தலையில் கட்டினால், அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் அவர் விலையைக் குறைப்பார்.

இனி வண்டியைத் தயார் செய்வது. கழுவுங்கள், உள்ளே பெருக்குங்கள், சீட்டுக்கு அடியில் காய்ந்து கிடக்கும் சேற்றைச் சுரண்டி எடுங்கள், எரியாத பல்பை மாற்றுங்கள். இவ்வளவு போதும். அடிப்பாகத்துக்குப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடிக்காதீர்கள். ஜீப் தெரிந்த எவரும் முதலில் படுத்துப் பார்க்கும் இடம் அதுதான். நேற்று அடித்த கறுப்பைப் பார்த்ததும் அதற்குக் கீழே துருவோ வெல்டிங்கோ இருக்கிறது என்றுதான் நினைப்பார். ஒன்றுமே இல்லாவிட்டாலும் அப்படித்தான் நினைப்பார். பட்டி போட்டு டிங்கரிங் செய்த கதவுக்கும் இது பொருந்தும். மரத்தில் உரசிய கீறல் கீறலாகவே இருக்கட்டும். மலை வண்டி வாங்க வருகிறவர் கீறலைக் கண்டு பயப்படமாட்டார்.

அவரைப் படுத்துப் பார்க்க விடுங்கள். முடிந்தால் சர்வீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று நீங்களே விரலை நீட்டுங்கள்: ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட் சேசிஸோடு சேரும் இடம், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் மாட்டிய இடம், பாடி மவுன்ட்டுகள். கல்லில் குதித்துக் குதித்து ஓடிய வண்டியில் வெடிப்பு முதலில் வருவது இங்கேதான். வெல்டிங் செய்திருந்தால் எப்போது, எந்தப் பட்டறையில், எதனால் என்று சொல்லுங்கள். ஒழுங்காகச் செய்த வெல்டிங்கோடு வண்டி பல வருடம் ஓடும். மறைத்த வெல்டிங் பிறகு தெரியவந்தால்தான் மனக்கசப்பு.

அடுத்தது தண்ணீர். மலை வண்டி ஓடையில் இறங்காமல் இருக்காது. சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் தண்ணீர் ஏறினால், ஓடிச் சூடான ஆக்ஸில் ஹவுசிங் திடீரெனக் குளிரும். உள்ளே காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் அடைத்திருந்தாலோ சீல் தேய்ந்திருந்தாலோ தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு அந்த ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறிவிடும். அப்படியே விட்டால் கிரவுன் பினியனும் பேரிங்கும் துருப்பிடிக்கும். விற்பதற்கு முன்பாக, முன் ஹவுசிங், பின் ஹவுசிங், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றிலும் ஆயிலைத் திறந்து பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிவிட்டு, பில்லை வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் எதிரிலேயே மூடியைத் திறந்து ஆயிலை விரலில் தொட்டுக் காட்டினால் அவருக்கு வரும் நம்பிக்கை, நூறு முறை "கண்டிஷன் வண்டி சார்" என்று சொன்னாலும் வராது.

ஃபோர்வீலைக் காட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. பழைய தார், ஜிப்ஸி, பழைய ஜீப் எதிலும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர்வீல் போட்டதும் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். திருப்பத்திலோ முன் சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும். மண் தரையில் டயர் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் அதற்கு வழியில்லை. முறுக்கெல்லாம் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் ஏறும், லீவரைப் பிடுங்கவும் முடியாது. வீட்டு வாசலில் ஃபோர்வீல் போட்டு வட்டமடித்துக் காட்டுகிறவர்கள் தங்கள் வண்டியையே கெடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் ஈர மண்ணோ சரளையோ இருக்கும் மேட்டுக்குப் போங்கள். முதலில் ஹையில் போடுங்கள். பிறகு வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, லோவில் போட்டு, ஆக்சிலரேட்டர் மிதிக்காமலே முதல் கியரில் ஏற விடுங்கள். அதே மேட்டில் பிரேக் தொடாமல் இறக்கியும் காட்டுங்கள். லீவர் விழவில்லை, அல்லது ஓடும்போது தானாகக் கழன்று வருகிறது என்றால் அதைச் சரிசெய்த பிறகே விற்பனை விளம்பரம் கொடுங்கள். சரிசெய்ய மனமில்லையென்றால் முதல் போன் பேச்சிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். ஃபோர்வீல் வேலை செய்யாத ஜீப்பை ஃபோர்வீல் ஜீப் என்று விற்பதைப் போன்ற ஏமாற்று இந்தச் சந்தையில் வேறில்லை.

வண்டியின் சுபாவத்தையும் சொல்ல வேண்டும். 2015-க்குப் பிறகு வந்த தார்களில் பின் ஆக்ஸிலில் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் உண்டு. ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றினால் 'டக்' என்று சத்தத்தோடு பூட்டும். தெரியாதவருக்கு ஏதோ உடைந்ததாகத் தோன்றும், பூட்டும் நேரத்தில் பயந்து காலை எடுத்துவிடுவார். அது பூட்டிக்கொள்ளத்தான் காலைச் சற்று அழுத்த வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். காலையில் எத்தனை விநாடியில் ஸ்டார்ட் ஆகும், முதல் ஐந்து நிமிடம் எந்தக் கியர் முரண்டு பிடிக்கும், எந்த வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வேலை பார்த்த தேதி, மீட்டர் எண், மாற்றிய சாமான் எல்லாவற்றையும் குறித்த நோட்டு இருந்தால் அதையே கொடுத்துவிடலாம். உங்கள் மெக்கானிக்கிடம் ஒரு முறை நேரில் அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைப்பது இன்னும் நல்லது. அந்த வண்டியைப் பலமுறை பிரித்துப் பூட்டிய கை அது.

யாருக்கு விற்கிறோம் என்பதைப் பொறுத்து சொல்ல வேண்டியதும் மாறும். தோட்டக்காரர் வந்தால் அவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார், விலையில் மட்டும்தான் நிற்பார். என் கவலையெல்லாம் நகரத்திலிருந்து ஆசையோடு வரும் இளைஞரைப் பற்றித்தான். கல்யாணமாகிக் கைக்குழந்தையும் இருக்கும். "அண்ணே, வீக் எண்டுக்கு ஃபேமிலியோட மலைக்குப் போகணும், இது சரியா இருக்குமா?" என்று கேட்பார். அவரிடம் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய தாரில் ஏர்பேக் கிடையாது. ஏ.பி.எஸ். கடைசி வருடத்தில்தான் வந்தது. பின்னால் பக்கவாட்டில் எதிரெதிரே உட்காரும் சீட், குழந்தைகளை அங்கே உட்காரவைத்து நெடுஞ்சாலையில் வேகமாகப் போவது ஆபத்து. 2020-இல் வந்த புதிய தார் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கிய வண்டி, இது அதுவல்ல. இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் திரும்பிப் போய்விடலாம். போகட்டும். தனியாக மலை ஏற ஆசைப்படும் வேறொருவர் வருவார். ஒரு குடும்பத்தைத் தப்பான வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வாங்கும் பணம் எனக்கு உவப்பாக இல்லை, உங்களுக்கும் இருக்காது என்றே நம்புகிறேன்.

கூடுதலாக மாட்டியவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வின்ச், பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், எல்.இ.டி. விளக்குச் சட்டம், இரும்பு பம்பர் என்று செலவழித்த பணம் விற்பனை விலையில் திரும்பி வராது. அதைவிட முக்கியம், இவற்றில் பல சட்டப்படி செல்லாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. முன்னால் மாட்டும் கிராஷ் கார்டு, புல் பார் எல்லாம் கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று இப்போது சட்டத்தில் இருக்கிறது. அதனால் கழற்றக்கூடியதைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு, பரணில் போட்டுவைத்த பழைய பம்பரையும் டயரையும் மாட்டி, வந்த வடிவிலேயே கைமாற்றுங்கள். எஃப்.சி.க்கும் அதுதான் வசதி. டயரின் வயதைக் கேட்டால் டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைக் காட்டுங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

விலையை எப்படி வைப்பது என்று கேட்கிறீர்கள். அதே வருடம், அதே மாடல், ஓரளவு அதே நிலையில் இருக்கும் வண்டி உங்கள் பக்கத்தில் என்ன விலைக்குக் கைமாறியது என்று இரண்டு மெக்கானிக்கிடமும் ஒரு புரோக்கரிடமும் விசாரியுங்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலைதான். பிறகு வாங்குபவர் செலவு செய்ய வேண்டிய வேலைகளை நீங்களே கழித்துவிட்டு, அந்தக் கழிவையும் அவரிடம் சொல்லுங்கள். "இந்த விலையில கிளட்ச் வேலையக் கழிச்சுட்டேன், இதுக்குமேல எனக்குக் கட்டாதுங்க" என்று சொன்னால் பேரம் அதிக நேரம் இழுக்காது.

ஓட்டிப் பார்க்கக் கேட்டால் முதலில் நீங்கள் ஓட்டி அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிறகு அவருடைய லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கொடுங்கள். சாவியை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், வண்டியைப் பார்க்க வேண்டியதில்லை, இப்போதே அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒரு அழைப்பு வரலாம். கியூஆர் கோடை ஸ்கேன் செய்வதும் பின் நம்பர் போடுவதும் பணம் அனுப்புவதற்குத்தான், வாங்குவதற்கு இரண்டுமே தேவையில்லை. அந்த அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஒரு விற்பனைக்கு ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதற்கு அபராதம் வாங்கியவர் தலையில்தான் விழும். போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். உங்கள் கணக்கில் பணம் ஏறியதை நீங்களே பார்த்த பிறகு சாவி கை மாறட்டும்.

இனிதான் மிக முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நம் ஊரில் டெலிவரி நோட்டு எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் வண்டி விற்றாகிவிட்டது என்று நினைக்கிறோம். பல வண்டிகள் 29, 30 ஃபாரங்களில் விற்றவரின் வெறும் கையெழுத்தோடு, வாங்கியவர் பெயரில்லாமல், இரண்டு மூன்று கை மாறிவிடுகின்றன. ஆர்.சி.யில் இருப்பது இன்னும் உங்கள் பெயர். மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓனர் என்றால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. 2007-இல் விற்கப்பட்ட கார், ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறிக்கொண்டே போனது, ஆர்.சி.யில் பெயரை யாரும் மாற்றவில்லை. 2009-இல் அந்தக் கார் மோதி உயிரிழப்பு ஏற்பட்டது. வண்டியைக் கண்ணால் பார்த்தே இரண்டு வருடமாகியிருந்த முதல் ஓனர்தான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பது அதன் நியாயம், அதில் தவறு சொல்ல எனக்கு இடமில்லை. மலைப்பாதையில் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புக்கு இது இன்னும் கனமான விஷயம்.

சட்டம் சொல்லும் முறை எளிமையானதுதான். ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்ற 14 நாளுக்குள் நீங்கள் 29-ஆம் படிவத்தில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் 30-ஆம் படிவம் கொடுத்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அவர் மாற்றுவார் என்று காத்திருக்காமல், சாவி கொடுக்கும் நாளிலேயே இரண்டு பேரும் சேர்ந்து பரிவாஹன் தளத்தில் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். பெயர் மாறும்வரை விலையில் சிறு தொகையை நிறுத்திவைத்துக்கொள்ள வாங்குபவரை அனுமதித்தால்கூட நஷ்டமில்லை. அவரும் நீங்களும் அந்த வேலை முடியக் காத்திருப்பீர்கள். வண்டியை டீலருக்குக் கொடுத்தால், அவர் 2023 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள விதிப்படி அங்கீகாரம் பெற்ற டீலரா என்று பாருங்கள். அப்படியிருந்தால் 29சி படிவத்தில் தெரிவித்ததும் வேறொருவர் வாங்கும்வரை பொறுப்பு அவருக்குப் போய்விடும். அங்கீகாரம் இல்லாத டீலரிடம் வெற்றுக் கையெழுத்து போட்ட ஃபாரத்தைக் கொடுக்காதீர்கள்.

டெலிவரி நோட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் எழுதுங்கள். தேதியோடு மணியும் நிமிடமும், எஞ்சின் எண், சேசிஸ் எண், மீட்டர் எண், வாங்கியவரின் முகவரி, அடையாள அட்டை நகல் எல்லாம் அதில் இருக்கட்டும். அன்று மாலையே எங்காவது அபராதம் விழுந்தால், யார் கையில் வண்டி இருந்தது என்று காட்ட அது உதவும். உங்கள் ஆதார் நகலைக் கொடுக்கும்போது அதன் மேல் குறுக்காக "இந்த வாகன விற்பனைக்கு மட்டும்" என்று வண்டி எண்ணோடு எழுதிக் கொடுங்கள்.

வங்கிக் கடன் எப்போதோ அடைந்திருக்கும், ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு மட்டும் அப்படியே நிற்கும். இது நிறையப் பேர் வீட்டில் நடப்பது. வங்கிக் கடிதமும் 35-ஆம் படிவமும் கொடுத்து அதை நீக்காமல் பெயர் மாறாது, முன்கூட்டியே செய்துவிடுங்கள். நிலுவை அபராதங்களையும் கட்டிவிடுங்கள். போடியிலிருந்து மூணாறுக்கோ கூடலூரிலிருந்து வயநாட்டுக்கோ விற்றால் இன்னொரு படி கூடுகிறது. உங்கள் ஆர்.டி.ஓ.விடம் 28-ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். வாங்குபவர் கேரளாவில் வரி கட்டி அங்கே எண் மாற்ற வேண்டும். அந்த வரி எவ்வளவு என்று விலை பேசும்போதே அவரை விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தெரியாமல் வாங்கிவிட்டு, வரிக்குப் பயந்து தமிழ்நாட்டு எண்ணிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் மாட்டப்போவது உங்கள் பெயர்தான். டி-போர்டு வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவரும் பெர்மிட்டை ஒப்படைத்து வகையை மாற்றியாக வேண்டும்.

இன்சூரன்ஸில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு தானாகவே புதியவருக்குப் போய்விடும். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படிப் போகாது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பித்து அவர் பெயருக்கு மாற்ற வேண்டும். நீங்கள் கிளெய்ம் எதுவும் செய்யாமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கலாம். வண்டியை விற்ற ஆதாரம் காட்டி அதற்கான கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் நீங்கள் வாங்கும் அடுத்த வண்டிக்குக் கழித்துக்கொள்ளலாம். பழைய ஜீப்பை விற்பவர்களில் பலர் இந்தக் கடிதத்தைக் கேட்பதே இல்லை. கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கைக் கிழித்து எடுத்துவிட்டு வங்கியில் அந்தக் கணக்கையும் மூடச் சொல்லுங்கள், இல்லையென்றால் புதியவர் போகும் சுங்கச்சாவடிக்கெல்லாம் உங்கள் பணம் போகும்.

வண்டி போன பிறகும் சில வாரம் போன் வரும். "அண்ணே, ஜாக்கி எங்க வச்சிருக்கீங்க?", "லோ போட்டா கொஞ்சம் ஊளைச் சத்தம் வருது, முன்னாடியே இருந்ததா?" என்றெல்லாம் கேட்பார். எடுத்துப் பேசுங்கள். முன்பே இருந்த சத்தம் என்றால் இருந்தது என்று சொல்லுங்கள், இல்லாத சத்தம் என்றால் உடனே மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள். இதற்கிடையே வாரம் ஒரு முறை பரிவாஹனில் வண்டி எண்ணைப் போட்டு ஓனர் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். மாறியதும் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, டெலிவரி நோட்டோடும் 29-ஆம் படிவ ஒப்புகையோடும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். 14 நாளில் நீங்கள் தெரிவித்தும் 30 நாளில் அவர் மாற்றவில்லை என்றால், போனில் கெஞ்சிக்கொண்டிருக்காமல் ஒப்புகைச் சீட்டோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் மனு கொடுத்துவிட்டு வாருங்கள்.